1806இன் பெயர்களும் இடங்களும் எங்களுக்கு வேண்டும்: வேலூர்க் குடிமக்களின் கோரிக்கைச் சாசனம்

இந்தியத் தொல்லியல் துறை, தமிழ்நாடு அரசு, வேலூர் மாவட்ட நிர்வாகம், வேலூர் மாநகராட்சி ஆகியவற்றுக்கும் எங்கள் ஊர் மக்களுக்கும் வேலூர்வாசிகளாகிய நாங்கள் முன்வைப்பது:

ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று, மக்கான் பகுதியில் நிற்கும் நினைவுத் தூணில் மலர்வளையம் வைக்கிறார்கள். ஆட்சியர் வருகிறார்; மக்கள் பிரதிநிதிகளும் முன்னாள் படைவீரர்களும் வருகிறார்கள். 1806இல் அதே நாளில் கோட்டைக்குள் மடிந்த சிப்பாய்களுக்குச் செய்யும் மரியாதை அது. அதைத் தவறாமல் நடத்தி வருகிறவர்களுக்கு எங்கள் நன்றி உண்டு. ஆனால் அந்தத் தூணுக்கு முன்னால் நிற்கும் ஒரு பள்ளிப் பிள்ளை, யாருக்காக இந்த மலர் என்று கேட்டால், பெயர் சொல்லிப் பதில் கொடுக்க எங்களில் மிகச் சிலரால்தான் முடியும். எந்த இடத்தில் விழுந்தார்கள் என்று கேட்டால், கோட்டைப் பக்கம் கையைக் காட்டுவதோடு சரி. 133 ஏக்கர் கோட்டையில் எந்த மூலை, எந்தச் சுவர் என்று சொல்ல ஆளில்லை.

இந்தச் சாசனத்தின் வேர் அந்தக் குறைதான். ஊர்ப் பெருமைக்கு எங்களிடம் பஞ்சமில்லை. பேருந்து நிலையச் சுவரிலும் கட்சி மேடையிலும் கல்லூரி ஆண்டு விழாவிலும் 1806 வந்துவிடுகிறது. அந்தப் பெருமைக்கு அடியில் இருக்க வேண்டிய அறிவுதான் இல்லை. அதை உண்டாக்கித் தர வேண்டிய கடமை அரசுக்கும் இருக்கிறது, எங்களுக்கும் இருக்கிறது.

நடந்தது

கோரிக்கைகளுக்கு முன், நடந்ததைப் பதிவு செய்வது அவசியம் என்று கருதுகிறோம். மேடைப் பேச்சுகளில் இது தேய்ந்து தேய்ந்து ஒற்றை வரியாகிவிட்டது.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் புதிய உடை விதியைக் கொண்டுவந்தார். நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது. தாடி கூடாது. மீசை மேலதிகாரி சொல்லும் அளவில் இருக்க வேண்டும். தலையில் தோல் சின்னம் செருகிய புதுவகைத் தலைப்பாகை. இந்துச் சிப்பாயையும் முஸ்லிம் சிப்பாயையும் ஒரே உத்தரவு ஒரே நேரத்தில் அவமதித்தது. 1806 மே மாதம் எதிர்த்து நின்றவர்களில் ஒரு இந்துவையும் ஒரு முஸ்லிமையும் கசையால் அடித்துப் படையை விட்டு நீக்கினார்கள். ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் உள்ளே என்ன உருவாகிறது என்று ஓர் ஆங்கிலேய அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவரை யாரும் நம்பவில்லை.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். அந்தக் கூட்டத்தின் மறைவில் சிப்பாய்கள் ஒன்று சேர்ந்தார்கள். 10ஆம் தேதி விடியுமுன் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். பதினான்கு அதிகாரிகளும், 69ஆம் ரெஜிமென்டைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயப் படையாட்களும் இறந்தார்கள். மைசூரின் புலிக்கொடி கோட்டையில் ஏறியது. திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஹைதரை அரசர் என்று அறிவித்தார்கள்.

அந்த ஆட்சி மதியம்வரைகூட நிலைக்கவில்லை. கோட்டைக்கு வெளியே இருந்த அதிகாரி ஒருவர் அனுப்பிய செய்தி, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ரோலோ கில்லெஸ்பி 19ஆம் குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். பின்னால் வந்த பீரங்கிகளால் வாயிற்கதவை உடைத்தார்கள். உள்ளே நடந்தது சண்டை என்பதைவிட வேட்டை என்பதே பொருந்தும். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, ஒரு சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். கதவை உடைக்க உதவிய பொறியியல் அதிகாரி பிளாக்கிஸ்டன் பிற்காலத்தில் எழுதிய தன் நினைவுக் குறிப்பிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். விசாரணைக்குப் பின் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். ஐந்து பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள். எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். ஐந்து பேரை நாடு கடத்தினார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். உடை விதி திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள். செத்த சிப்பாய்கள் எதைக் கேட்டார்களோ அது நடந்தது. எங்கள் ஊரில் இந்த உண்மையை உரக்கச் சொல்லி நாங்கள் கேட்டதே குறைவு.

பெயர்கள்

முதல் கோரிக்கையும் தலையாய கோரிக்கையும் இதுவே: அன்றைய தினமும் அதைத் தொடர்ந்தும் உயிரிழந்த, தண்டிக்கப்பட்ட சிப்பாய்களின் பெயர்ப் பட்டியலைத் தமிழ்நாடு அரசு தொகுத்து வெளியிட வேண்டும்.

ஆங்கிலேயத் தரப்பில் இறந்த அதிகாரிகளின் பெயரும் பதவியும் ஏட்டில் இருக்கின்றன. படையாட்களின் எண்ணிக்கை ஆள் கணக்காக இருக்கிறது. எங்கள் தரப்புக் கணக்கைப் பாருங்கள்: 350 பேர் என்று சொல்லும் நூல் உண்டு, 800 பேர் என்று சொல்லும் நூலும் உண்டு. இரண்டுக்கும் நடுவே 450 உயிர்கள். இத்தனை பேரை இருந்தார்களா இல்லையா என்ற கேள்வியில் தொங்கவிட்டுக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறை மலர் வைப்பது எங்கள் மனத்தை உறுத்துகிறது.

சிப்பாய்களை வழிநடத்தியவர்களில் சுபேதார் ஷேக் ஆடம், சுபேதார் ஷேக் ஹமீத், ஜமேதார் ஷேக் ஹுசேன், ஜமேதார் ஷேக் காசிம் ஆகிய பெயர்கள் வரலாற்று நூல்களில் வருகின்றன. அவர்கள் பெயரை நகரின் தெருக்களிலும் பள்ளிகளிலும் நீங்கள் தேடிப் பாருங்கள். கில்லெஸ்பிக்கோ, அவர் பிறந்த வட அயர்லாந்தின் காம்பர் என்ற சிற்றூரில், ஊர் நடுச் சதுக்கத்தில் 1845இல் எழுப்பிய உயரமான தூணும் சிலையும் இருக்கின்றன. ஆற்காட்டிலிருந்து அவர் குதிரையில் பாய்ந்ததை ஹென்றி நியூபோல்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் கவிதையாகவே பாடி வைத்தார். அந்த ஊர் தன் மகனை நினைப்பதில் எங்களுக்குப் புகார் இல்லை. அதே அளவு அக்கறையை எங்கள் மண்ணில் விழுந்தவர்கள் மீது நாங்கள் காட்டவில்லையே என்பதுதான் எங்கள் வேதனை.

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ராணுவ, விசாரணை ஆவணங்கள் இருக்கின்றன. வேலூர் பற்றித் தனி நூல்கள் எழுதிய பெ. சின்னையன், கா. அ. மணிகுமார் போன்ற ஆய்வாளர்கள் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே தொடக்கத்திலிருந்து தேட வேண்டிய நிலை இல்லை. இரண்டு மூன்று இளம் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இந்த வேலையை ஒப்படையுங்கள். எத்தனை பெயர் கிடைக்கிறதோ அத்தனையும் கல்லில் ஏற வேண்டும். கிடைக்காதவர்களுக்கு, அவர்கள் இருந்த படைப்பிரிவின் பெயராவது ஏற வேண்டும்: 1ஆம் ரெஜிமென்டின் இரு பட்டாலியன்கள், 23ஆம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன்.

இடங்கள்

கோட்டைக்குள் போகிறவர் ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் பார்க்கிறார். பள்ளிவாசலைப் பார்க்கிறார், தேவாலயத்தைப் பார்க்கிறார், அருங்காட்சியகத்துக்குப் போகிறார், அகழியோரம் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு வீடு திரும்புகிறார். 1806 அவர் காலடியிலேயே கிடக்கிறது, அவருக்குத் தெரிவதில்லை.

வாயில், ஐரோப்பியப் படையாட்கள் தூங்கிய கட்டடத்தின் இடம், கொடி ஏறிய இடம், திப்பு குடும்பம் இருந்த மகால்கள், நூறு பேரைச் சுட்ட சுவரின் இடம் ஆகிய ஒவ்வொன்றையும் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டு, தொல்லியல் துறை உறுதி செய்து அடையாளப்படுத்த வேண்டும். உறுதி செய்ய முடியாத இடத்துக்குப் பலகை வேண்டாம். கோட்டையைப் பற்றிச் சுரங்கப்பாதைக் கதைகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. அரசே இன்னொரு கதையைச் சேர்க்கக் கூடாது.

பலகைகள் தமிழிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். இந்த ஊரின் பல தெருக்களில் உருது வீட்டு மொழி. இவற்றோடு வங்க மொழியையும் சேர்க்கக் கோருகிறோம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்தும் வந்து, வாரக்கணக்கில் லாட்ஜுகளில் தங்கும் குடும்பத்தினர் மாலை வேளையில் கோட்டைக்குத்தான் நடந்து வருகிறார்கள். 1806க்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கம்பெனி அரசு அனுப்பி வைத்தது கல்கத்தாவுக்கு. அங்கே தர்மதலாவில் திப்புவின் இளைய மகன் குலாம் முகமது கட்டிய பள்ளிவாசலைக் கடந்து போகாத கொல்கத்தாக்காரர் இருக்க மாட்டார். அந்தக் குடும்பத்தின் கதையில் ஒரு பாதி எங்கள் ஊரில் இருக்கிறது என்று அவர்கள் தங்கள் மொழியில் படிக்கட்டும். நோயாளிக்குத் துணையாக வந்து மனம் சோர்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த ஊர் தரக்கூடிய சிறு உபசாரம் அது.

கோட்டைக்கு அருகிலுள்ள பழைய ஐரோப்பியக் கல்லறைத் தோட்டத்தையும் இதில் சேர்க்கிறோம். 69ஆம் ரெஜிமென்டில் இறந்தவர்களின் நினைவு அங்கே இருக்கிறது. அவர்களில் மிகப் பலர் கூலிக்குப் படையில் சேர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும் அன்று கொல்லப்பட்டார்கள். இதைச் சொல்லத் தயங்கும் பெருமை எங்களுக்கு வேண்டாம். சிப்பாய்களின் கோபம் நியாயமானது என்று நாங்கள் முழு மனத்தோடு நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு உண்மையை மறைக்கும் தேவை கிடையாது. புரட்சியை ஒடுக்க ஆற்காட்டிலிருந்து வந்த படையில் இந்தியக் குதிரை வீரர்களும் இருந்தார்கள் என்பதையும் அதே பலகையில் எழுதுங்கள்.

அருங்காட்சியகத்தில் 1806க்கென்று தனிக்கூடம் வேண்டும். விலையுயர்ந்த பொருட்களைக் கேட்கவில்லை. அந்தத் தலைப்பாகை எப்படி இருந்தது என்று ஒரு மாதிரி, உடை விதியின் தமிழாக்கம், கோட்டையின் பழைய வரைபடம், விசாரணை ஏடுகளின் நகல். இவை போதும். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816 முதல் 1832இல் இறக்கும்வரை இந்தக் கோட்டையில் கைதியாக இருந்தார். அவருக்கும் அங்கே ஒரு சுவர் ஒதுக்க வேண்டும். பாலாற்றங்கரையிலுள்ள அவருடைய முத்துமண்டபத்தையும் பராமரிக்க வேண்டும்.

மணிக்கூண்டும் ராணுவப்பேட்டையும்

வேலூரின் படை வரலாறு 1806 ஜூலையோடு முடிந்துவிடவில்லை. லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. 1914-18 பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அது ஆங்கிலத்தில் சொல்கிறது. காய்கறிக்கும் பூவுக்கும் மளிகைக்கும் அந்த வழியாக நாள்தோறும் போகிறவர்களில் அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? அந்த 14 பேர் யார்? எந்தத் தெரு? அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் அதே லாங் பஜாரில் கடை வைத்திருக்கலாம்.

அவர்கள் ஆங்கிலேய அரசின் கீழ்ப் போனவர்கள் என்பதால் மேடைகளில் அவர்களுக்கு இடம் கிடைத்ததில்லை. எங்கள் பார்வையில் இது தவறு. 1806இல் உடை விதியை எதிர்த்துச் செத்த சிப்பாயும், பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போய்ச் செத்த சிப்பாயும் ஒரே சமூகத்துப் பிள்ளைகள். ஆகவே: மணிக்கூண்டுக் கல்லின் வாசகத்தைத் தமிழிலும் உருதுவிலும் பக்கத்தில் பொறிக்க வேண்டும். கல்லை மறைத்துச் சுவரொட்டியும் பேனரும் கட்டுவதற்கு மாநகராட்சி தடை விதித்து, அதை நடைமுறைப்படுத்த வேண்டும். 277 பேரின் பெயர்களைத் தேடும் பணியையும் மேலே சொன்ன ஆய்வுக் குழுவிடம் கொடுக்க வேண்டும்.

கம்மவான்பேட்டையைச் சுற்றுவட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. வேலூர் மாவட்டத்தில் அதுபோல் படைவீரர் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. 1962, 1965, 1971 போர்களுக்குப் போனவர்கள் இப்போது முதியவர்கள். இலங்கைக்கு அமைதிப்படையில் போய்வந்தவர்களும், 1999இல் கார்கில் பனியில் நின்றவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் பேச்சைப் பதிவு செய்ய இன்னும் பத்தாண்டு காத்திருந்தால் முதல் வரிசை காலியாகிவிடும். முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியும் ஊரிஸ் கல்லூரியும் தங்கள் வரலாற்று மாணவர்களை ஆளுக்கொரு முன்னாள் படைவீரர் வீட்டுக்கு அனுப்பட்டும். வீரத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வர வேண்டாம். வீட்டில் காத்திருந்த மனைவியிடமும் கேளுங்கள். தந்தி வந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். ஓய்வூதியத்துக்கு அலைந்ததைக் கேளுங்கள். இலங்கைக்குப் போனவர் சொல்லத் தயங்குவதையும், சொன்னால், மாற்றாமல் எழுதி வையுங்கள்.

போட்டி வேண்டாம்

நாட்டின் முதல் சுதந்திரப் போர் எது என்ற வழக்கு ஓயாமல் நடக்கிறது. 1857 என்கிறார்கள். நாங்கள் 51 ஆண்டுகள் முந்தி என்கிறோம். எங்களுக்கும் முன்னால் 1801இல் மருதுபாண்டியர் இருக்கிறார்களே என்று சிவகங்கைக்காரர்கள் கேட்கிறார்கள், நியாயமாகவே. பட்டத்துக்காக வழக்காடுவதில் ஊரின் சக்தி வீணாகிறது என்று கருதுகிறோம். வரிசையில் எத்தனையாவது இடம் என்று அரசு சான்றிதழ் தர வேண்டும் என்ற கோரிக்கை இந்தச் சாசனத்தில் இல்லை.

வேறொன்றை உறுதியாகக் கேட்கிறோம். 1806ஐ எந்த ஒரு மதமும் எந்த ஒரு சாதியும் எந்த ஒரு கட்சியும் தனதாக்கிக்கொள்ள அரசு நிகழ்ச்சிகளில் இடம் கொடுக்கக் கூடாது. நாமத்தை அழிக்கச் சொன்னதும் தாடியை மழிக்கச் சொன்னதும் ஒரே காகிதத்தில் வந்த ஒரே உத்தரவு. சேர்ந்து அவமானப்பட்டவர்கள் சேர்ந்தே எழுந்தார்கள். இன்று அந்த நிகழ்வைச் சொல்லும்போது ஒரு பாதியை விழுங்கிவிட்டு மறு பாதியை மட்டும் பேசுகிறவர், அந்தச் சுவரோரம் நின்றவர்களில் பாதிப் பேரை இரண்டாம் முறை சுடுகிறார்.

அகழி

புதிய சிலைகள், வளைவுகள், நுழைவாயில்கள் எதுவும் எங்களுக்கு வேண்டாம். அதற்கு ஆகும் பணத்தைப் பராமரிப்பில் போடுங்கள். 2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பி, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது. உபரி நீர் வெளியேறும் வழிகளைத் தூர்வாரி, ஆண்டுதோறும் மழைக்கு முன் சோதித்து, சோதித்த விவரத்தைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். சுவரில் வேர் விடும் செடிகளை அகற்ற நிரந்தர ஆட்கள் வேண்டும். சுவரில் பெயர் கிறுக்குவதும் அகழியில் பிளாஸ்டிக் வீசுவதும் நாங்கள் செய்யும் தவறு. அதைத் தடுக்கும் பொறுப்பை எங்கள் தெருக்களும் பள்ளிகளும் ஏற்கின்றன.

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவதைக் கேட்டுத்தான் எங்களில் மூத்தவர்கள் வளர்ந்தார்கள். கோயிலுக்கு 1981இல் மூலவர் திரும்பினார். ஊர் மக்கள் ஒன்று சேர்ந்ததால் அது நடந்தது. ஒரு குறையை இந்த ஊர் தன் கையாலேயே தீர்த்துக்கொண்ட வரலாறு இருக்கிறது. அந்த நம்பிக்கையோடுதான் இதைக் கேட்கிறோம்.

2031 ஜூலை 10 அன்று புரட்சிக்கு 225 ஆண்டுகள் நிறைவடையும். பெயர்ப் பட்டியலும் கோட்டைக்குள்ளான பலகைகளும் அருங்காட்சியகக் கூடமும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10 அன்று, மலர்வளையம் வைத்த கையோடு, அந்த ஆண்டு எவ்வளவு வேலை நடந்தது என்ற அறிக்கையை மாவட்ட நிர்வாகம் தூணருகிலேயே பொதுமக்கள் முன் படிக்க வேண்டும். அதுவரை கிடைத்த பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கட்டும்.

ஊர் மக்களுக்கு எங்கள் வேண்டுகோள்: உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பதக்கமோ, டிஸ்சார்ஜ் புத்தகமோ, போர்முனையிலிருந்து வந்த கடிதமோ, சீருடையில் எடுத்த ஒரு பழைய புகைப்படமோ இருந்தால், பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருகிறோம். இந்தச் சாசனத்தில் கையெழுத்திடும்போது உங்கள் பெயருக்குக் கீழே, உங்கள் குடும்பத்திலிருந்து படைக்குப் போனவர் யாராவது இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள்.